பெண்களுக்கு மட்டும் இரண்டு பெரட்டா?



இந்த மருத்துவப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதுவது. இந்த முறை சட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. "ஆஸ்பத்திரிக்காரருக்குச் சட்டம் எதுக்கு? மருந்தைக் குடுத்தோமா, ஊசியைப் போட்டோமான்னு இருக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இடுப்பு வலி, தலைச்சுற்றல், கை மரத்துப்போதல் என்று தோட்ட ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில் பலருக்கு நோயின் வேர் வீட்டில் இருக்கிறது. மாத்திரை வலியைத் தணிக்கும். மறுநாள் காலையில் அதே வாளியைத் தூக்கினால் அதே வலி திரும்ப வரும். ஆகவே மருந்தோடு வேலைப் பாரமும் குறைய வேண்டும். அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் குறைக்க அரசாங்கமே சில சட்டங்களையும் திட்டங்களையும் கொண்டு வந்திருக்கிறது. அவை நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் கேட்டு வாங்குவதில்லை. அவற்றைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

செக்ரோலில் ஏறாத வேலை

காலைப் பெரட்டுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் போய் நிற்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் அதற்கு முன்பே ஒரு பெரட்டை முடித்துவிட்டு வந்திருப்பாள். நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பசியாற ஏதாவது செய்து, மத்தியானத்துக்கும் சோறு ஆக்கி, பிள்ளைகளைக் கிளப்பி, படுத்த படுக்கையாக மாமியார் இருந்தால் அவரைத் துடைத்து உடை மாற்றிவிட்டு வருகிறாள். மரம் வெட்டி, பால் எடுத்து, அல்லது செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி வீடு திரும்பியதும் துணி, பாத்திரம், இராச் சாப்பாடு. இதில் எதுவும் செக்ரோலில் ஏறாது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பென்ஷனும் கிடையாது.

காட்டு வேலைக்குப் போகாத பெண்ணைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்? "எம் பொஞ்சாதி வீட்டுல சும்மாதான் இருக்கா" என்கிறோம். அந்தச் 'சும்மா'வைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகச் சராசரியில் ஒரு பெண் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 1 மணி 23 நிமிடம். பெண்ணின் கணக்கை ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு ஏறக்குறைய 31 மணி நேரம் வருகிறது. நம் நாட்டில் கஸானா ஆய்வுக் கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்விலும் பெண்கள் 3.6 மணி, ஆண்கள் 2.2 மணி என்று வந்தது. இன்றைய சட்டப்படி சம்பள வேலைக்கு வாரம் 45 மணி நேரம்தான் உச்சவரம்பு. வீட்டு வேலைக்கு உச்சவரம்பே இல்லை.

உடம்பு என்ன சொல்கிறது?

முதலாவது இரத்தச் சோகை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது நம் பெண்களின் பழக்கம். மீனும் முட்டையும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் இரத்தச் சோகை என்று பொருள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ குடியுங்கள்.

இரண்டாவது இடுப்பு. 20 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் என்றால் 20 கிலோ. காட்டில் பால் வாளி தூக்கிய இடுப்புதான் வீட்டில் தண்ணீர் வாளியும் தூக்குகிறது. வாளியைப் பாதி நிரப்புங்கள். குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்கள்.

மூன்றாவது, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்வது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதை ஒரே பெண் இரவும் பகலும் செய்தால் சில மாதத்தில் அவளும் நோயாளி ஆகிவிடுவாள். தூக்கமில்லாமை, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். "அவளுக்குத் திமிரு ஏறிப்போச்சு" என்று ஏசுவார்கள். அது களைப்பு, ஐயா.

நாலாவது பச்சை உடம்பு. அதைப் பற்றிச் சட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

தோட்டம் போனது, ஆயாக்கொட்டகையும் போனது

பழைய தோட்டங்களில் ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார்கள். அந்தக் கொட்டகையில் குறைகள் நிறைய இருந்தன. இடம் போதாது, பால் போதாது, ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் எல்லாப் பிள்ளைக்கும் சளி. ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் தலையில் மட்டும் கட்டிய பொறுப்பாக இருக்கவில்லை; தோட்ட நிர்வாகத்துக்கும் அதில் பங்கு இருந்தது.

பிறகு நிலைமை மாறியது. ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பலவும் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாகின. குனோங் ராபாட் பக்கம் பாருங்கள். சுண்ணாம்புக் குன்றுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. தோட்டத்துச் சனங்கள் தாமான்களிலும் கம்பங்களிலும் குடியேறி, பெண்கள் தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். அங்கே ஆயம்மா இல்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட வேண்டும். பாட்டி இல்லாவிட்டால் காசு கொடுத்து யாரிடமாவது விட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் தாய் வேலையை விட வேண்டும். வேலையை விட்டவளுக்குச் சேமநிதியும் சொக்சோவும் நின்றுவிடும். நாற்பது வயதில் திரும்ப வேலை தேடினால் அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். பராமரிப்பு வேலை பெண்ணின் இடுப்பை மட்டும் ஒடிப்பதில்லை, அவளுடைய முதுமைக் காலத்துச் சோற்றையும் குறைத்துவிடுகிறது.

இனி, சட்டம் என்ன தருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிள்ளை பெற்றவளுக்கு 98 நாள்

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள், அதாவது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சொன்ன குறைந்தபட்சக் கணக்கும் இதே 14 வாரம்தான்.

சம்பளத்தோடு இந்த விடுப்பைப் பெற, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தமாக 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கனவே ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பிருந்தே விடுப்பைத் தொடங்கலாம். பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் எந்தத் தேதியிலிருந்து லீவு என்று ஆபீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காமல் நின்றுவிட்டால் தெரிவிக்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். கிளினிக்கில் தரும் ரோஸ் கலர் தாய்மைப் புத்தகத்தில் பிரசவத் தேதி எழுதியிருக்கும். அதைக் காட்டி எழுதிக் கொடுங்கள்.

கர்ப்பமாக இருப்பதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. அதுவும் இந்தத் திருத்தத்தில் வந்ததுதான்.

உடம்புக்கு ஏன் இத்தனை நாள் வேண்டும்? கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் போல ஆகும். சிலருக்கு இரத்தப்போக்கும் இரத்தக் கொதிப்பும் பிரசவத்துக்குப் பிறகுதான் வரும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறோம். தாய் இரண்டு மாதத்தில் காட்டுக்குப் போய்விட்டால் அது நடக்கிற காரியமா? முப்பது கும்பிட்டவுடனே "உடம்பு தேறிப்போச்சு, வேலைக்குப் போறேன்" என்று கிளம்பும் பெண்களும் இருக்கிறார்கள். டாக்டர் சான்றிதழும் முதலாளி சம்மதமும் இருந்தால் முன்கூட்டியே வேலைக்குத் திரும்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. காய்ச்சல், நாற்றமுள்ள தீட்டு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கடுமையான தலைவலி, கண் மங்கல் ஆகிய அறிகுறிகளில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

2. தகப்பனுக்கு 7 நாள்

அதே திருத்தத்தில் மணமான ஆண் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு தொடர்ச்சியாக 7 நாள் விடுப்பு வந்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால் பிள்ளை பிறந்தவுடன் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இது கிடைக்கும்.

தோழர்களே, அந்த ஏழு நாள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பிள்ளை பிறந்ததைக் கொண்டாடுவதற்குத் தந்ததல்ல. அந்த வாரத்தில் சோறாக்குவது, பிள்ளையின் துணி துவைப்பது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் உங்கள் வேலை. இரவில் பிள்ளை அழுதால் எழுந்து தூக்குங்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் ஆணின் கை போதும். ஏழு நாள் போதாது என்று சங்கங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கொடுத்த ஏழு நாளை எடுக்காமல் விட்டுவிட்டு அதிகம் கேட்டால் நம் பேச்சு எடுபடாது.

3. வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை

வீட்டில் சிறு பிள்ளையோ நோயாளியோ இருந்தால், வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். விடியற்காலையில் மரம் வெட்டுகிறவருக்கு இது அவ்வளவாக உதவாது. ஆபீஸ், ஸ்டோர், தொழிற்சாலையில் இருக்கும் நம் பெண்களுக்கு உதவும். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே "முடியாது" என்று போய்விடும். ஆகவே கடுதாசியில் கேளுங்கள்.

4. பிள்ளைக் காப்பகம்

தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1990-ல் வந்த சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் உண்டு. தோட்டத்தில் சிறு பிள்ளைகள் இருந்தும் காப்பகம் இல்லை என்றால் சங்கக் கிளை மூலம் தொழில் இலாகாவுக்கு எழுதலாம்.

தாமானில் இருப்பவர்களுக்கு 1984-ஆம் ஆண்டு குழந்தைக் காப்பகச் சட்டம் இருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவானாலும் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைக்கு ஒரு ஆள், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது கணக்கு. பிள்ளையை விடும் முன் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள், தலையை எண்ணுங்கள்.

நம் அக்கம்பக்கத்தில் பிள்ளை பார்க்கும் அக்காமார்களும் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்துகொண்டால் அதுவே கௌரவமான தொழில் ஆகும்.

5. இல்லத்தரசிக்கும் சொக்சோ

1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்காக வந்தது. வீட்டில் சம்பளமில்லாமல் உழைப்பவளுக்கு அதில் இடமில்லை. 2022-ல் இல்லத்தரசிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மலாயில் 'சூரி ரூமா' திட்டம் என்றும் 'லிண்டோங் காசே' என்றும் சொல்வார்கள்.

சந்தா வருடத்துக்கு 120 வெள்ளி. மாதத்துக்குப் பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குப் பாதுகாப்பு. 55 வயதுக்கு முன் சேர வேண்டும். வெளியில் வேலைக்குப் போகும் மனைவியும் வீட்டைக் கவனிப்பதால் இதில் சேரலாம். குளியலறையில் வழுக்கி விழுவது, கொதிக்கிற எண்ணெய் மேலே கொட்டுவது போன்ற வீட்டு விபத்துக்கும், உடல் முடங்கிப் போகும் நிலைக்கும் இது உதவி தருகிறது. சிகிச்சை, நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகை, மறுவாழ்வுப் பயிற்சி, இறந்தால் ஈமச் செலவு ஆகியவை இதில் அடங்கும். 'இ-காசே' ஏழைகள் பட்டியலில் உள்ள பெண்களுக்கு அரசாங்கமே சந்தா கட்டிய திட்டமும் வந்திருக்கிறது. ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போனால் விவரம் சொல்லிப் பதிந்து தருவார்கள்.

இங்கே மருத்துவ வார்த்தை ஒன்று. எண்ணெய் கொட்டினால் பற்பசை, கிச்சாப் எதையும் தடவாதீர்கள். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வீட்டு விபத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி.

6. படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கு

ஊனமுற்றுப் படுக்கையில் கிடப்பவர், நாட்பட்ட நோயால் படுத்த படுக்கையானவர் ஆகியோரைப் பராமரிக்கும் குடும்பத்துக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவி இருக்கிறது. 2021-ல் அது 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். டாக்டரின் கடிதம் வேண்டும். வாதம் வந்து படுத்த மாமனாருக்காக வேலையை விட்ட பெண் உங்கள் வரிசையில் இருந்தால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டிலும் இதே பேச்சு

இது மலேசியாவுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அதன் பெயரைப் பாருங்கள்: கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. உதவித்தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். பெண் வீட்டில் செய்வது உழைப்பு, அதற்கு ஏதோ ஒன்று கொடுக்க வேண்டிய கடன் சமுதாயத்துக்கு இருக்கிறது என்பதே அதன் கருத்து. ஆயிரம் ரூபாயால் ஒரு குடம் தண்ணீர்ப் பாரம்கூடக் குறையாது என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் நியாயமே. காசு வேண்டும், காப்பகமும் வேண்டும், வீட்டில் ஆணின் கையும் வேண்டும்.

சட்டம் எட்டாத இடம்

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன முதல் மூன்றும் தொழிலாளி என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும். கான்ட்ராக்ட்காரரிடம் நாள் கூலிக்குப் போய், சம்பளச் சீட்டு இல்லாமல் காசை மட்டும் வாங்கி வரும் பெண்ணுக்கு 90 நாள் கணக்கை யார் காட்டுவது? ஆனால் அவரும் மனம் தளர வேண்டாம். ஒருவர் வேலை செய்யும் விதமும் நேரமும் மற்றவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், எழுத்துப் பத்திரம் இல்லாவிட்டாலும் அவரைத் தொழிலாளியாகவே கருதலாம் என்று 2022 திருத்தம் சொல்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேலைக்குப் போன தேதி, இடம், வாங்கிய கூலி இவற்றை எழுதி வாருங்கள். பிரச்சினை வந்தால் அதோடு சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள், அல்லது நேரே தொழில் இலாகாவுக்குப் போங்கள்.

இன்னொரு இடத்துக்கும் சட்டம் வராது. அது உங்கள் வீட்டு அடுப்படி. யார் பாத்திரம் கழுவுவது, யார் தகப்பனாரைக் குளிப்பாட்டுவது என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்க மாட்டார். அதை நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் வேலையைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். "ஆம்பளைப் பிள்ளையைப் போய் தட்டு கழுவச் சொல்றியே" என்று தடுக்கும் பாட்டிமார்கள் தயவுசெய்து தடுக்காமல் இருங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவரை இரவில் புரட்டிப்போட ஆள் முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெண் முழுத் தூக்கம் தூங்கட்டும். வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது அவளுக்கும் மீன் துண்டு கிடைக்கும்.

இப்போதே செய்ய வேண்டியவை

வீட்டில் ஒரு பையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: சம்பளச் சீட்டுகள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், தாய்மைப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், சொக்சோ ரசீது. அவசரத்தில் தேடினால் எதுவும் கைக்கு வராது.

கர்ப்பமான பெண் வீட்டில் இருந்தால் விடுப்புக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். கணவனின் கடிதமும் கூடவே போகட்டும். குனோங் ராபாட் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசாங்க கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். 55 வயதை நெருங்கும் தாய்மார்கள் சொக்சோ அலுவலகத்துக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்த ஆண்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் இராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள்.